வாசகர் கேள்வி பதில்: தண்டர் பேக்கு டிசம்பர்ல போகலாமா?

கேள்வி: மகன் கனடாவுல தண்டர் பேங்கிற டவுன்ல படிக்கிறான். டிசம்பர்ல நானும் வீட்டுக்காரரும் ஒரு மாசம் போய் நிக்கலாம்னு இருக்கோம். நுவரெலியா குளிருல பொறந்து வளந்தவங்க, சமாளிச்சிருவோம்தானே? அப்படியே டொரன்டோவுல சொந்தக்காரங்க வீட்டுக்கும் ஒரு எட்டு போய்ட்டு நயாகராவும் பாத்துரலாமா? மகன் என்னடான்னா "பழைய பெக்டரி டவுன்மா, பாக்க ஒண்ணும் இல்ல"ங்கிறான்.
ஹட்டன் வாசகி ஒருவர்

பதில்: அக்கா, அந்த "ஒரு எட்டு" ரோட்டுல சுமார் 1,400 கிலோமீட்டர். ரெண்டும் ஒன்டாரியோ மாகாணம்தான், ஆனா தண்டர் பே வடமேற்கு மூலையில கெடக்கு. பயணிகள் ரயிலும் 1990ல நின்னு போச்சு, அதனால பிளேன்தான், ரெண்டு மணித்தியாலம் போல எடுக்கும். போற வழியில டொரன்டோவுல எறங்கத்தான் வேணும், சொந்தக்காரங்களையும் நயாகராவையும் அப்பவே முடிச்சிருங்க.

குளிரப் பத்தி பேசாதீங்க. நுவரெலியாவுல புல்லுல உறபனி விழுந்தா நம்ம பேப்பர்காரங்க போட்டோ போடுவாங்க, அங்க ஜனவரி மாசத்து சராசரியே மைனஸ் பத்துக்குக் கீழ, சில ராத்திரி மைனஸ் முப்பதுக்கும் போகும், விடியறதும் எட்டரைக்கு மேலதான். ஒரு மாசமும் ஹீட்டர் பக்கத்துல உக்காந்து மகன் வர்ற நேரத்த பாத்துக்கிட்டு இருக்கவா அவ்வளவு காசு குடுத்து போறீங்க? ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள போங்க. ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

பாக்க ஒண்ணும் இல்லைங்கிறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஊரு சுப்பீரியர் ஏரிக்கரையில இருக்கு, அந்த ஏரி நம்ம இலங்கையவிட பெருசு, அக்கரை தெரியாது. ஊருக்கு நேர எதிர ஒரு கல்மலை மல்லாக்க படுத்த ஆளு மாதிரியே நீண்டு கெடக்கும், ஸ்லீப்பிங் ஜயன்ட்னு பேரு. இதெல்லாம் டூரிஸ்ட் புக்குலயே இருக்கும். நான் பாக்கச் சொல்றது துறைமுகத்த. கரையோரமா வரிசையா ஒட்டி ஒட்டி நிக்கிற ஒசந்த செமெந்து உருளைங்க, தானியம் கொட்டி வைக்கிறதுக்கு, எலவேட்டர்ங்கிறாங்க, சிலது கைவிட்டுப் போய் சும்மா நிக்குது, சிலது இன்னும் வேல செய்யுது. மனிடோபா, சஸ்காச்சுவான் பக்கம் வெளையிற கோதும ரயில்ல வந்து இங்க கொட்டி, நிறுத்து, சுத்தம் பண்ணி, கப்பல்ல ஏறும். நம்ம தேயிலத் தூளு மலையில இருந்து கொழும்பு துறைமுகத்துக்கு எறங்குற மாதிரிதான். இங்க இருந்து செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியா அட்லான்டிக் வரைக்கும் கப்பல் போகும், 1959ல அந்த நீர்ப்பாதைய தொறந்தாங்க. அந்த வழியில சூ லொக்ஸுன்னு கப்பல ஏத்தி எறக்குற ஒரு மதகு இருக்கு, குளிர்காலத்துல அத ஜனவரி நடுவுல இருந்து மார்ச் கடைசி வரைக்கும் மூடிருவாங்க, அப்ப போனா கப்பல் ஓட்டத்தயே பாக்க ஏலாது. பெக்டரிய சுத்தி வாழ்ற வாழ்க்க நம்ம ஆளுங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்ல, மகனுக்குத்தான் இன்னும் அது புடிபடல போல.

பஸ்ஸுல போறப்ப ரெண்டு டவுன் இருக்கிற மாதிரி தெரியும், குழம்பாதீங்க. போர்ட் ஆர்தர், ஃபோர்ட் வில்லியம்னு தனித்தனியா இருந்தத 1970லதான் ஒண்ணாக்குனாங்க. கிழக்கு ரோட்டுல டெர்ரி ஃபாக்ஸ் சிலை இருக்கு. புற்றுநோயால ஒத்தக்கால இழந்த பையன், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு காசு சேக்க செயற்கை காலோட 143 நாள் ஓடி 5,373 கிலோமீட்டர் வந்து, 1980 செப்டம்பர் 1ல இந்த ஊருகிட்டதான் நோய் திரும்பி நின்னான். ககபேகா நீர்வீழ்ச்சிக்கு அரை மணித்தியாலம்தான், சுமார் 40 மீட்டர் ஒசரம். நம்ம டெவோன் நீர்வீழ்ச்சி பாத்த கண்ணுக்கு ஒசரம் பெருசா தெரியாது, தண்ணி அகலமா பாயிறதுதான் அழகு.

சாப்பாட்டுக்கு பெர்ஷியன்னு ஒரு பணிஸ், எண்ணெயில பொரிச்சு மேல ரோஸ் கலர் பெரி ஐசிங் தடவுறது, பயங்கர இனிப்பு, ரெண்டாவது தின்ன முடியாது. சோறு கறி மகன் வீட்டுலயே ஆக்கிக்கங்க.

விசிட்டர் விசாவுக்கு நேரத்தோட போடுங்க, கைரேகை குடுக்க கொழும்புக்கு வரணும். தேயில கொண்டு போங்க, ஆனா எயார்போர்ட்ல திங்கிற சாமான் என்னென்ன இருக்குன்னு ஒளிக்காம சொல்லிருங்க, கருவாட்டையும் சேத்துத்தான்.