கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏறுவது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 58. வீட்டிலேயே மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு செய்து விற்கிறேன். காலை 6 மணிக்கு அடுப்படியில் நின்றால் மதியம் வரை உட்கார நேரமிருக்காது. சாயங்காலம் இரண்டு பாதங்களும் வீங்கிவிடுகின்றன. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. விடிந்தால் வீக்கம் வடிந்துவிடுகிறது. இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளுகிறது, சரி. மேலே ஏற்றுவது யார்? என் இதயம் பலவீனமாகிவிட்டதா?
- வாசகி, காரைக்குடி

பதில்: நல்ல கேள்வி ஆச்சி. முதலில் ஒன்று: புடைத்திருப்பது நரம்பு அல்ல, சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். நம் பக்கத்தில் எல்லோரும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

உங்கள் ஊர் வீடுகளில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு தாண்டிக் கொல்லைக் கதவு வரை நேராகத் தெரியும். இதயத்திலும் நான்கு அறைகள் உண்டு. ஆனால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போக உள்ளே கதவு கிடையாது. வலப்பக்கம் வந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுதான் இடப்பக்கம் நுழைய முடியும். அங்கிருந்து பெருந்தமனி வழியாக உடம்பெங்கும் போகிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு. பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஆனால் மயிரிழையிலும் மெல்லிய தந்துகிகள் என்ற ரத்தக் குழாய்களைக் கடப்பதற்குள் இதயம் கொடுத்த வேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. நிற்கும்போது பாதத்திலிருந்து மேலே ஏற்றும் வேலையில் பெரும்பங்கு உங்கள் கெண்டைக்கால் தசையுடையது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அது இறுகிச் சிரையைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் வழியெங்கும் சின்னச் சின்ன வால்வுகள் தடுக்கின்றன.

இதை நீங்களே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த சிரை ஒன்றை மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி வழித்துவிட்டு, அந்த விரலை மட்டும் எடுங்கள். வழித்த இடம் வெறுமையாகவே கிடக்கும். மேலே இருக்கும் ரத்தம் இறங்கி வராது. கீழ்விரலை எடுத்ததும் சட்டென நிரம்பும். ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் எழுதிய இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி காட்டிய சோதனைகளில் இதுவும் ஒன்று.

அசையாமல் நின்றால் தசை பிழிவதில்லை. ரத்தம் தேங்கிச் சிரை விரிகிறது. வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போகின்றன. நீர் கசிந்து பாதம் வீங்குகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு காலில்தான் என்று தோன்றுகிறது. ஆனாலும் இதயக் கோளாறால் வரும் வீக்கமும் இரவில் வடியக்கூடும். எனவே படுத்தால் மூச்சு முட்டுகிறதா, மாடி ஏறினால் இரைக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் ஈசிஜி, எக்கோ இரண்டும் உடனே தேவை. சிறுநீரகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

அடுப்பருகே நிற்கும்போதே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒரு ஈடு வேகும் நேரத்துக்குள் இருபது முறை செய்துவிடலாம். அரை மணிக்கு ஒருமுறை வளவைச் சுற்றி வாருங்கள். இரவில் கால்களைத் தலையணை மேல் வைத்துப் படுங்கள். அழுத்தக் காலுறை உதவும். ஆனால் பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே வாங்குங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே அதை மாட்டிவிட வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். 'வெள்ளையா, சின்னதா ஒன்று' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.