நீலகிரிப் பாதைக்குப் பத்மினியா, அம்பாசிடரா?

வணக்கம். 1978ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினி, 1977ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 3 ஆகிய இரண்டு பழைய கார்களில் ஒன்றை வாங்குவதானால், நான்கு பேருடன் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவதற்கு எது ஏற்றது என்று கேட்டிருந்தீர்கள். என் தேர்வு அம்பாசிடர்தான்.

பத்மினியின் 1089 சிசி இன்ஜின் சுமார் 40 குதிரைத்திறனும், அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறனும் தருபவை. அம்பாசிடர் எடை கூடிய வண்டி என்பதால் இந்த வித்தியாசம் சமவெளியில் பெரிதாகத் தெரியாது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து, இரண்டாம் கியரில் மறுபடி ஏறத் தொடங்கும்போது, பெரிய இன்ஜினின் குறைவேக இழுவிசை கைகொடுக்கும், பத்மினியையோ முதல் கியருக்கு இறக்க வேண்டியிருக்கும். தனியாக ஓட்டுபவருக்குப் பத்மினியின் இலகுவான ஸ்டியரிங் தரும் இன்பமே வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். ஆகவே இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடிமானம் தளர்ந்துவிடும்.

முன்பணம் கொடுக்குமுன் தரைவிரிப்பைத் தூக்கி, ஓட்டுநர் பாதம் வைக்கும் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது நெளிந்தால் துரு அரித்திருக்கிறது என்று பொருள், எந்த வண்டியானாலும் வாங்க வேண்டாம்.