ஊதினால் குறட்டை அடங்குமா? – கேள்வி பதில்

இரவில் உறக்க ஆய்வகத்தில் தொழில்நுட்பர் வேலை, ஓய்வு நேரத்தில் கிளாரினெட். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதால் காற்று வாத்தியமும் தூக்க மூச்சுத்திணறலும் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்து குவிகின்றன. நான் மருத்துவன் அல்லன் என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: வாத்தியம் ஊதினால் தூக்கத்தில் மூச்சு நிற்பது குறையும் என்கிறார்கள். உண்மையா, வாட்ஸ்அப் வைத்தியமா?

உண்மை உண்டு, அளவோடு. சுவிட்சர்லாந்தில் டிஜெரிடூ என்ற நீண்ட குழல் வாத்தியத்தைக் கற்பித்துவந்த அலெக்ஸ் சுவாரெஸ், வாசிக்கத் தொடங்கிய பின் தமக்கும் மாணவர்கள் சிலருக்கும் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்திருப்பதைக் கவனித்தார். மிலோ புஹானும் சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்துப் பார்த்து, 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். மிதமான பாதிப்புள்ள 25 பேரில் 14 பேர் நான்கு மாதம் டிஜெரிடூ வாசித்தார்கள். 11 பேர் வாசிக்காமல், தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். வாசித்தவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 6 நாள், நாளுக்குச் சராசரியாக 25 நிமிடம் பயிற்சி செய்தார்கள். அவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற கணக்கும் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 6 குறைந்தது. பக்கத்தில் படுப்பவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். 2017இல் இந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் அமைதிக்கான பிரிவில். படுக்கையறை அமைதியும் அமைதிதானே!

ஆனால் 25 பேர் என்பது சிறு கூட்டம். காத்திருந்தவர்களுக்குப் போலிச் சிகிச்சை எதுவும் தரப்படவில்லை என்பதால், 'பகலில் தூக்கம் வரவில்லை' என்று வாசித்தவர்கள் சொன்னதில் நம்பிக்கையின் பங்கும் இருக்கலாம். இரவுப் பரிசோதனையில் பதிவான எண்ணிக்கையை அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. நான் இதை மதிப்பதற்குக் காரணம் அதுதான்.

கேள்வி: வாயால் ஊதுவதற்கும் தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கும் என்ன தொடர்பு?

தொண்டையின் மேற்பகுதியைத் தாங்கிப் பிடிக்க எலும்புக்கூடு கிடையாது. நாக்கு, மெல்லண்ணம், தொண்டைச் சுவர் ஆகியவற்றின் தசைகள்தாம் அந்த வழியைத் திறந்து வைக்கின்றன. தூங்கும்போது அவை தளர்கின்றன. சிலருக்கு வழி குறுகிக் குறட்டையாகிறது. சிலருக்கு அடைபட்டே போகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்றோட்டம் நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறோம். வாசிப்பது அந்தத் தசைகளுக்குப் பயிற்சியாகி, தூக்கத்திலும் அவை முழுக்கத் தளராமல் காக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

கழுத்தைச் சுற்றிய கொழுப்பு, வீங்கிய டான்சில், சிறிய தாடை, மூக்கடைப்பு ஆகியவற்றை எந்த வாத்தியமும் மாற்றாது. மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராத வகை ஒன்றும் இருக்கிறது. அதற்கு இந்தப் பயிற்சி பொருந்தாது.

கேள்வி: நான் புல்லாங்குழல் வாசிக்கிறேன். போதுமா? நாகஸ்வரம் இன்னும் நல்லதா?

எல்லாக் காற்று வாத்தியமும் ஒன்றல்ல. 2009இல் இசைக்குழுக் கலைஞர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் வயது, உடல் எடை முதலியவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, காற்று வாத்தியக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை. 2012இல் வந்த இன்னொரு கணக்கெடுப்பில் ஓபோ, பாசூன் போன்ற, இரண்டு நாணல் துண்டுகளைச் சேர்த்து ஊதும் இரட்டை நாணல் வாத்தியக்காரர்களுக்கு மட்டும் அபாயம் குறைவாக இருந்தது. இரண்டுமே கேள்வித்தாள் வழி நடந்தவை. யாரையும் வாசிக்கவைத்துச் சோதித்தவை அல்ல.

நாகஸ்வரத்தின் சீவாளியும் இரட்டை நாணல் இனம்தான். ஊத நல்ல அழுத்தம் வேண்டும். அதற்காக ஓபோவின் முடிவை அப்படியே நாகஸ்வரத்துக்கு மாற்றி எழுத நான் தயாராக இல்லை. புல்லாங்குழலில் காற்றுக்கு எதிர்ப்பு குறைவு. பிடித்திருந்தால் வாசியுங்கள், மருந்தாக எண்ணி வாசிக்க வேண்டாம்.

கேள்வி: ஹார்மோனியமும் காற்றில்தானே இயங்குகிறது?

அங்கே ஊதுவது துருத்தி. உங்கள் தொண்டைக்கு விடுமுறை.

கேள்வி: எனக்கு மணிக்கு 42 தடைகள் என்று பரிசோதனையில் வந்தது. மூச்சுவழி அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவியின் முகமூடி ஒத்துவரவில்லை. அதை விட்டுவிட்டு டிஜெரிடூ வாங்கலாமா?

வாங்கலாம், சிபாப்பை விட வேண்டாம். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது என்பது வழக்கமான வகைப்பாடு. டிஜெரிடூ ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் 15க்கும் 30க்கும் இடைப்பட்டவர்கள். உங்கள் 42இலிருந்து 6ஐக் கழித்தாலும் 36, அதுவும் கடுமையானதுதான். முகமூடி உறுத்துகிறது என்றால் வேறு அளவு, மூக்குக்கு மட்டுமான வகை, ஈரப்பதமூட்டி, அழுத்த மாற்றம் என்று பல வழிகள் இருக்கின்றன. ஒரே முகமூடியோடு சண்டை போட்டுத் தோற்றுப்போனவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

1981இல் சிபாப்பை உலகுக்கு அறிவித்த காலின் சல்லிவன் ஆஸ்திரேலியர். டிஜெரிடூ வட ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் வாத்தியம். தொண்டையைத் திறந்து வைக்க ஒரே கண்டத்திலிருந்து இரண்டு குழாய்கள்!

கேள்வி: மூச்சை விடாமல் தொடர்ந்து ஊதும் முறை கட்டாயமா?

ஆய்வில் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். கன்னத்தில் காற்றைச் சேர்த்து, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுப்பது. முதலில் வாத்தியம் இல்லாமல், ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலால் குமிழி விட்டுப் பழகுங்கள். மூக்கால் இழுக்கும்போதும் குமிழி நிற்காமல் வந்தால் பிடிபட்டுவிட்டது. தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் குழாயில் செய்துகொள்ளலாமா?

தாராளமாக. ஆய்விலேயே சுமார் 130 சென்டிமீட்டர் நீள அக்ரிலிக் குழாய்தான். விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி, வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு சுற்றுங்கள். வாசித்தபின் உள்ளே உலரவிடுவது முக்கியம். ஈரமான வாத்தியத்தில் பூஞ்சை வளர்ந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும். பேக்பைப் எனும் பையிசைக் கருவிக் கலைஞர் ஒருவருக்கு அப்படி நேர்ந்ததை மருத்துவர்கள் 2016இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: யார் ஊதக்கூடாது?

கண் அழுத்த நோய், குடலிறக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும், அண்மையில் கண், காது, வயிறு ஆகியவற்றில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அழுத்தி ஊத வேண்டிய வாத்தியங்கள் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றுகின்றன.

கேள்வி: எனக்கு இசையே வராது. வேறு வழி?

நாக்குக்கும் தொண்டைக்குமான பயிற்சிகள் இருக்கின்றன: நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பின்னோக்கி நகர்த்துவது, உயிரெழுத்துகளை அழுத்தி ஒலிப்பது போன்றவை. பிரேசிலில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் தடைகள் சராசரியாக 22இலிருந்து 14க்கு வந்தன. பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சில மாதங்களாக வாசிக்கிறேன். குறட்டை நின்றுவிட்டதாக மனைவி சொல்கிறார். சிபாப் கருவியை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். சத்தம் அடங்கியதால் அடைப்பும் தீர்ந்துவிட்டது என்று பொருளில்லை. மூச்சு நிற்கும் அந்த விநாடிகளில் குறட்டையும் இருக்காது. உங்கள் மருத்துவரிடம் சொல்லி, மறுபடியும் ஓர் இரவு உறக்க ஆய்வு செய்யுங்கள். தடைகளின் எண்ணிக்கை உண்மையிலேயே இறங்கியிருந்தால் சிபாப்பின் அழுத்தத்தைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்வார். நிறுத்தச் சொன்னாலும் வாசிப்பை விட்டுவிடாதீர்கள். தசைப் பயிற்சியின் பலன் பயிற்சி இருக்கும் வரைதான்.