கதையே இல்லாத படம் எடுக்கறா, இதுக்கு வேலை கிடைக்குமான்னு கேட்ட அப்பாவுக்கு

சார் வணக்கம். ராத்திரி 2 மணிக்கு மெசேஜ் போட்டிருந்தீங்க, காலைல எந்திரிச்சுதான் பாத்தேன். பொண்ணு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூணாவது வருஷம், கிளாஸ்ல எல்லாரும் லவ் ஸ்டோரி, போலீஸ் கதைன்னு ப்ராஜெக்ட் எடுக்கறப்ப இவ மட்டும் குறுந்தொகையில நாலு வரிப் பாட்டு ஒன்ன எடுத்து வச்சுக்கிட்டு கதையே இல்லாம ஆறு நிமிஷப் படம் எடுக்கறா, மொட்டை மாடி, தண்ணி டேங்க், ஒரு பொண்ணோட காலு, மூஞ்சி கூட காட்டல, இதுக்கு 60,000 ரூபா கேக்குறா, இதப் பாத்து எவன் வேலை குடுப்பான்னு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்விதான். போன வாரம் உங்க பொண்ணு இங்க வந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனா, அதையும் வச்சுதான் பதில் சொல்றேன்.

அந்தப் படத்த மட்டும் பாத்துட்டு யாரும் கூப்ட்டு வேலை குடுக்க மாட்டாங்க, அத மறைக்க விரும்பல. ஆனா அத முழுசா முடிச்சுட்டா அதுக்கப்புறம் அவ எங்க போனாலும் மேசை மேல வைக்க ஒரு பொருள் இருக்கும். என்கிட்ட வர்ற விஸ்காம் பசங்கள்ல முக்காவாசிப் பேர்கிட்ட அது இல்ல. ஷூட் பண்ணேன் சார் எடிட்ல நிக்குது, டப்பிங் பாக்கி, ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, இப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு பையன் மூணு நாள் ஷூட்டிங்க ஒரே டிஸ்க்ல வச்சிருந்து அது கீழ விழுந்து எல்லாம் போய், என் முன்னாடி உக்காந்து அழுதான், இத்தனைக்கும் நல்லா எடுத்திருந்தான். அதனால முதல் செலவா ரெண்டு டிஸ்க் வாங்கிக் குடுங்க, ஒன்னு உங்க வீட்டு பீரோல இருக்கட்டும்.

கதை இல்லாத படம்னா கிறுக்குத்தனம்னு நினைச்சுக்காதீங்க. 1921-லயே நியூயார்க்ல பால் ஸ்ட்ராண்டும் சார்லஸ் ஷீலரும் வால்ட் விட்மனோட கவிதை வரிகள நடுநடுவுல எழுத்தா போட்டு ஊரையே படம் எடுத்திருக்காங்க, கதையும் கிடையாது ஹீரோவும் கிடையாது. நம்ம நாட்டுலயே புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிச்ச டைரக்டர் மணி கவுல், 1980-ல இந்திக் கவிஞர் முக்திபோத்தோட எழுத்த வச்சு முழுநீளப் படமே எடுத்தார். பெர்லின்ல 2002-ல இருந்து ஸீப்ரான்னு ஒரு விழா நடக்குது, கவிதையில இருந்து எடுத்த படங்களுக்கு மட்டுமே. உங்க பொண்ணு போற பாதையில ஏற்கனவே ஆளுங்க நடந்திருக்காங்க, கூட்டம் கம்மி, அவ்வளவுதான்.

இப்ப அந்தப் பாட்ட சொல்றேன், ஏன்னா நீங்க அவகிட்ட அதக் கேக்கவே இல்லைன்னு நினைக்கிறேன். குறுந்தொகையில ஆறாவது பாட்டு, பாடினவர் பதுமனார். நடுராத்திரி, பேச்செல்லாம் அடங்கிடுச்சு, சனங்க நிம்மதியா தூங்குறாங்க, உலகமே தூங்குது, நான் ஒருத்திதான் தூங்கல. அவ்வளவுதான் பாட்டே. (2 மணிக்கு மெசேஜ் போட்ட உங்களுக்கும் பொருந்தும்.) ஏம்மா 401 பாட்டுல இது மட்டும்னு கேட்டேன். சார், பாட்டுல உலகம் துஞ்சும்னு வருது, துஞ்சுதல்னா தூங்குறதுதான், ஆனா பழைய தமிழ்ல செத்துப் போறதுக்கும் அதே சொல்லு, கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதின்னு ராஜா பேரே இருக்கு, அப்ப உலகம் தூங்குதா செத்துக் கிடக்குதான்னு தெரியாத மாதிரி ஒரு படம் எடுக்கணும், அதனாலதான் மனுச மூஞ்சி வேணாம்னு வச்சேன்னு சொன்னா. நான் ஒரு நிமிஷம் ஒன்னும் பேசல. சினிமா ஸ்கூல் இன்டர்வியூல உக்காந்திருக்கறவங்க தேடுறது இந்த மாதிரி பதிலத்தான், எந்தக் கேமரால எடுத்தன்னு அவங்க ரெண்டாவதாதான் கேப்பாங்க, கேக்காமலும் போவாங்க.

அதே நேரம் அவ பக்கமும் தப்பு இருக்கு. 60,000-ல பாதிக்கு மேல கேமரா லென்ஸ் வாடகைன்னு எழுதியிருக்கா. தேவையே இல்ல. மொட்டை மாடிய ராத்திரில எடுக்க, கூடப் படிக்கிறவங்ககிட்ட இருக்கற கேமராவும் ஒரு நல்ல ட்ரைபாடும் போதும், இருட்டுல படம் கொஞ்சம் புள்ளிப்புள்ளியா (கிரெய்ன்) வந்தா இந்தப் படத்துக்கு அழகுதான். பணம் போக வேண்டிய இடம் சவுண்டு. பாட்டே சத்தம் அடங்குறதப் பத்தி, அப்ப அமைதியத்தான் ரெக்கார்ட் பண்ணணும். பசங்க என்ன பண்றாங்கன்னா அமைதி வேணும்னா எடிட்டிங்ல ஆடியோ ட்ராக்க அப்படியே வெட்டி காலியா விட்டுடறாங்க, தியேட்டர்ல அதக் கேட்டா ஸ்பீக்கர் புட்டுக்கிச்சுன்னு ஆபரேட்டர திரும்பிப் பாப்பாங்க. நிஜ ராத்திரில டேங்க்ல சொட்டற தண்ணி, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் மோட்டார், தூரத்து ரயிலு, நாய் எல்லாம் இருக்கும், அத ஒவ்வொன்னா எடுத்து, ஒவ்வொன்னா நிறுத்திக்கிட்டே வந்தாதான் கடைசில அமைதின்னு ஒன்னு காதுக்குத் தெரியும். நல்ல மைக்கும் ரெக்கார்டரும் ரெண்டு ராத்திரிக்கு வாடகைக்கு எடுக்கட்டும், கடைசில எல்லாச் சத்தத்தையும் அளவா சேக்கற மிக்ஸிங்குக்கு ஒரு நாள் ஸ்டூடியோ. மொத்தம் 25,000-க்கு மேல குடுக்காதீங்க, எழுத்துல கணக்கு வாங்குங்க. பட்ஜெட் எழுதறதும் இந்தத் தொழில்ல ஒரு வேலைதான்.

ரைட்ஸ் விஷயம். மூலப் பாட்டுக்கு யார்கிட்டயும் அனுமதி வேணாம். ஆனா இங்கிலீஷ் சப்டைட்டிலுக்கு, சங்கப் பாட்டுகள இங்கிலீஷ்ல கொண்டுவந்த ஏ.கே. ராமானுஜனோட மொழிபெயர்ப்ப அப்படியே போடப் போறேன்னு அவ சொன்னா, அங்கதான் நிறுத்தினேன். நம்ம காப்பிரைட் சட்டப்படி எழுதினவர் காலமானதுக்கு அப்புறம் 60 வருஷம் உரிமை இருக்கு, அவர் காலமானது 1993. பதிப்பகத்துக்கு எழுதிக் கேக்கணும், இல்ல அவளே மொழிபெயர்க்கணும். அவளே பண்ணட்டும்னு சொன்னேன், துஞ்சுதல்ங்கற ஒரு சொல்லுக்கே ஒரு வாரம் மண்டைய ஒடைச்சுக்குவா, நல்லதுதான். இப்ப உயிரோட இருக்கற கவிஞரோட கவிதைய எடுத்திருந்தா போன்ல சரின்னு சொன்னா பத்தாது, எழுத்துல வாங்கணும். சினிமாப் பாட்டு பின்னணில ஓடவே கூடாது, பக்கத்து வீட்டு டிவில கேட்டதுன்னாலும் சரி, யூட்யூப்ல போட்ட உடனே பாட்டு எங்களுதுன்னு காப்பிரைட் க்ளெய்ம் வரும்.

யூட்யூப்னு சொன்னதும் ஞாபகம் வருது, படம் முடிஞ்ச சந்தோஷத்துல அன்னைக்கே அப்லோட் பண்ண விடாதீங்க. சில விழாக்கள்ல ஏற்கனவே ஆன்லைன்ல வந்த படத்த எடுக்க மாட்டாங்க. திருவனந்தபுரத்துல கேரள சலச்சித்ர அகாடமி நடத்துற ஷார்ட் ஃபிலிம் விழா 2008-ல இருந்து நடக்குது, நம்ம ஊருக்குப் பக்கம், முதல்ல அதுக்கு அனுப்பட்டும். மும்பைல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கறது இருக்கு, ஜெர்மனில ஓபர்ஹவுசன் 1954-ல இருந்து ஷார்ட் ஃபிலிமுக்காகவே நடக்குது. மத்தபடி மாசாமாசம் ஆன்லைன்லயே அவார்டு குடுக்குற விழான்னு நிறைய இருக்கு, என்ட்ரி ஃபீஸ் கட்டினா ஒரு இலைப் படம் போட்ட சர்டிஃபிகேட் வரும். அதுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க, சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போடத்தான் ஆகும்.

வேலைக்கு வர்றேன். டைரக்டர் ஆகணும்னு உதவி இயக்குநரா சேந்தா முதல் சில வருஷம் ரூம் வாடகைக்கே வீட்ல இருந்து அனுப்ப வேண்டி வரும், அது வரைக்கும் உங்க பயம் சரிதான். ஆனா சாலிகிராமம் வடபழனி பக்கம் எடிட்டிங், சவுண்ட் டிசைன், கலர் கிரேடிங், சப்டைட்டில்னு இருக்கற வேலைங்க வேற, விளம்பரப் படம், ஓடிடி, கம்பெனி வீடியோன்னு எல்லாத்துக்கும் ஆள் வேணும். எனக்கு என்னமோ உங்க பொண்ணுக்கு காதுதான் நல்லா இருக்குன்னு தோணுது, சவுண்டு பக்கம் போனா பொழச்சுக்குவா. புனேலயும் கொல்கத்தா சத்யஜித் ராய் இன்ஸ்டிட்யூட்லயும் டிகிரி முடிச்சவங்களுக்கு மூணு வருஷப் படிப்பு இருக்கு, டைரக்‌ஷனுக்கு எந்த டிகிரியும் போதும், சவுண்டுக்கு வழக்கமா ப்ளஸ் டூல ஃபிசிக்ஸ் படிச்சிருக்கணும்பாங்க, அவ கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்னா ஃபிசிக்ஸ் இருந்திருக்கும், மார்க் ஷீட்ட ஒரு தடவை பாத்துக்கோங்க. தரமணி எம்ஜிஆர் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ட பத்தியும் கேட்டிருந்தீங்க, அது ப்ளஸ் டூ முடிச்சதும் சேர்ற நாலு வருஷப் படிப்பு, இப்ப போனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், வேணாம்.

பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லட்டுமான்னு கேட்டீங்க. தாராளமா. பேங்க் ஆபீசர் வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ எக்ஸாமுக்கு ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதும், பொதுப் பிரிவுக்கே 30 வயசு வரைக்கும் எழுதலாம், அவளுக்கு இப்பதான் 20. அந்தக் கதவு பூட்டப் போறதில்ல, அதனால அதக் காட்டி இப்ப இந்தப் படத்த நிறுத்தாதீங்க. அதுக்குப் பதிலா தேதி போடுங்க. செமஸ்டர் எக்ஸாமுக்கு மூணு வாரம் முன்னாடி எடிட் லாக் ஆகணும் (அதுக்கப்புறம் வெட்டி ஒட்டக் கூடாது), ஆகலன்னா இருக்கறத வச்சு முடிச்சுடணும், ஆறு நிமிஷம் நாலு நிமிஷமா ஆனாலும் பரவால்ல.

அப்புறம் படத்துல அவ என்னென்ன வேலை செஞ்சான்னு டைட்டில்ல சரியா போடச் சொல்லுங்க, எழுத்து இயக்கம்னு மட்டும் போட்டுட்டு சவுண்டும் அவளே பண்ணினத விட்டுட்டா, நாளைக்கு ஸ்டூடியோல கேக்கறப்ப காட்ட ஒன்னும் இருக்காது.

அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் வாங்க. லேப்டாப்போட நல்ல ஹெட்ஃபோன் ஒன்னு கொண்டு வரச் சொல்லுங்க, படம் அப்புறம் பாக்கலாம், முதல்ல அந்த மாடி சத்தத்த நீங்க கண்ண மூடிக் கேக்கணும்.