அம்மாவுடன் பழைய பொருள் கடைக்கு: பாத்திரம் முதலில், பலகாரம் அப்புறம்

கேள்வி: சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், முட்டிவலியும் உண்டு. ஒரு நாள் லீவு போட்டு அவரைப் பழைய பொருள் கடைகளுக்கும், அப்படியே பிடித்த பலகாரம் சாப்பிடவும் அழைத்துப் போக ஆசை. ஆனால் "யார் போட்ட துணியோ" என்று முகம் சுளிப்பார். எங்கே போவது, எதை வாங்குவது, இனிப்பு எவ்வளவு கொடுக்கலாம்? பழைய பொருள் கடை என்று முன்கூட்டியே சொல்லிவிடவா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சொல்லாமல் என் அம்மாவைக் கூட்டிப் போனேன். கைப்பையை இடுக்கிக்கொண்டு இருபது நிமிடம் வாசலிலேயே நின்றார். அடுத்த முறை "பாத்திரம் பார்க்கப் போறோம்மா" என்றேன், வந்தார். அடுத்தவர் உடுத்திய துணி என்றால் கூசும் மனதுக்குச் சில்வர் பாத்திரத்தில் அந்தக் கூச்சம் வருவதில்லை. புளி போட்டுத் தேய்த்தால் அது நம் வீட்டுப் பாத்திரம். அன்று அவர் கையில் ஒரு தூக்குச் சட்டி அகப்பட்டது. விளிம்பில் புள்ளி புள்ளியாகத் தமிழில் இரண்டு எழுத்து வெட்டியிருந்தது. "யார் வீட்டுச் சீரோ" என்று கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் துணிப் பக்கம் போனோம்.

எனவே பாத்திரத்தில் தொடங்குங்கள். எவர்சில்வர், கண்ணாடி, வார்ப்பிரும்பு மூன்றும் தாராளமாக வாங்கலாம். கீறல் விழுந்த நான்ஸ்டிக் வேண்டாம். பித்தளை என்றால் உள்ளே வெள்ளீயப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் புளிக்குழம்புக்கு ஆகாது. பூப்போட்ட பழைய பீங்கானிலும் எனாமல் அடுக்குச் சட்டியிலும் பூச்சில் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஆசையாக இருந்தால் அலமாரியில் வைக்க வாங்குங்கள், அதில் சாப்பிட வேண்டாம்.

புடவை மாட்டினால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பட்டு முதலில் மடிப்பில்தான் விடும். பல வருடம் ஒரே மடிப்பில் கிடந்த புடவையில் அந்தக் கோடு ஊசித் துளைகளாகத் தெரியும். அப்படியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள், ஒருமுறை கட்டியதும் கிழியும். ஜரிகை பிரிந்திருக்கும் இடத்தில் உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் நல்ல ஜரிகை என்று பொதுவாகச் சொல்வார்கள். ரவிக்கை, சட்டை என்றால் அக்குளை முகர்ந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், கடையில் எல்லாரும் செய்வதுதான். அந்துருண்டை வாசம் வெயிலில் போட்டால் போய்விடும், வியர்வைக் கறை போகாது. தையல் ஓரங்களில் மிளகைப் பொடித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கும். அந்தத் துணியை வைத்துவிட்டு நகருங்கள்.

இனி இடம். முட்டிவலி இருப்பதால் கடை இரண்டுக்கு மேல் வேண்டாம். எனக்குப் பிடித்தது 96 வாட்டர்லூ ஸ்திரீட்டில் உள்ள நியூ2யூ. சிங்கப்பூர் மாதர் சங்கங்களின் மன்றம் நடத்துவது, கடையில் நிற்பவர்கள் தொண்டூழியர்கள். குடும்ப வன்முறைக்குத் தப்பி வரும் பெண்களுக்கான காப்பகத்தையும் அதே மன்றம்தான் நடத்துகிறது. அதை அம்மாவிடம் சொல்லுங்கள், முகச்சுளிப்பு பாதி குறையும். வார நாள்களில் பகலில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும், எனவே நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதே தெருவில்தான் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். பக்கத்துக் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள் கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி காட்டிவிட்டுப் போவார்கள். நடை சாத்துவதற்குள் போனால் அம்மாவுக்கு அதுவே ஒரு பொழுது. உட்கார இடமும் கழிப்பறையும் வேண்டுமென்றால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடம் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னொரு கடை பார்க்கும் தெம்பு இருந்தால் பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அம்மா சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையைக் கேட்டால், அதை 2017 ஜூலையிலேயே மூடிவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். எனக்கும் வருத்தம்தான்.

பலகாரம் சாப்பிட, அங்கிருந்து பூகிஸ் ஸ்டேஷனில் டவுன்டவுன் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. வீடு திரும்ப அங்கேயே வடகிழக்கு ரயில் இருக்கிறது, செங்காங் வரை மாற வேண்டியதில்லை.

இனிப்பு சாப்பாட்டுக்குப் பிறகுதான், வெறும் வயிற்றில் வேண்டாம். சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு ஒரே ஓர் இனிப்பு, அதையும் இருவரும் பங்கு போட்டு. பெட்டி வாங்காதீர்கள், ஒன்றிரண்டு உருப்படி கேட்டு வாங்குங்கள். பெட்டியாக வாங்கினால் மீதி வீட்டில் இரவு பத்து மணிக்குத் தீரும், நம் அம்மாக்களை நமக்குத் தெரியாதா? நெய் மைசூர்பாகைவிட எனக்கு ஒண்டே ஒண்டே மேல். பாண்டான் பச்சையில் குட்டிக் கொழுக்கட்டை, உள்ளே உருகிய குலா மெலாக்கா வெல்லம், மேலே தேங்காய்த் துருவல். கடிக்காமல் முழுதாக வாயில் போட்டு, வாயை மூடிக்கொண்டு மெல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்று வாங்கிய புடவையில் வெல்லப்பாகு தெறிக்கும். அளவு சின்னது என்பதுதான் இதில் நமக்கு லாபம். குடிப்பதற்குத் தே ஓ கோசோங், அதாவது பாலும் இல்லை சீனியும் இல்லை. இனிப்புக்கு மேல் இனிப்பு வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மாத்திரை கிளிப்பிசைடு, கிளிக்லசைடு வகையா, அல்லது இன்சுலினும் போடுகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் நடந்து அலைந்து சாப்பாடு தள்ளிப்போகும்போது சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் கையிலிருக்கும் லட்டைக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள், நெய் சர்க்கரையை ரத்தத்தில் சேரவிடாமல் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. மயக்கமாகி விழுங்க முடியாமல் போனால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 995 கூப்பிடுங்கள். இனிப்பின் அளவையும் மாத்திரை நேரத்தையும் முன்கூட்டியே பலதுறை மருந்தகத்தில் கேட்டுவைப்பது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் துணிப்பையைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். பருத்தித் துணியைச் சுடுநீரில் துவைத்து, புளோக் கீழே உள்ள காசு போடும் சலவைக் கடையில் அதிக வெப்பத்தில் அரை மணி உலர்த்தினால் போதும். பட்டுக்கு அது ஆகாது. அதைக் காய்ந்தபடியே பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள், பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வைப்பதற்கு முன் இதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். என் வீட்டில் மீன் எடுக்கப் போனவர் காஞ்சிபுரத்தைச் சட்டியில் போட்டு ஊறவைக்கப் பார்த்தார்.