ஜிம்மில் 140 கிலோ ஸ்குவாட், போட்டிக்கு மட்டும் தயக்கம்

தம்பி, ஹட்டன் ஜிம்மில் 140 கிலோ ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) செய்தும், "இன்னும் பலம் வரட்டும், உடல் எடையையும் 74 கிலோ பிரிவுக்குக் குறைக்கிறேன்" என்று இரண்டு வருடமாகக் கொழும்புப் பவர்லிஃப்டிங் போட்டியைத் தள்ளிப்போடுவதாக எழுதியிருந்தீர்கள். பண்டாரவளையில் நானும் அப்படித்தான் இருந்தேன். ஜிம்மில் எனக்கிருந்த பேர் மூன்று நடுவர்கள் முன்னால் கெட்டுவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

போட்டி விதிப்படி செய்தால் தூக்கும் எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்க வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்துக்கொண்டு பாரைத் தள்ளுவது) பார் நெஞ்சில் அசையாமல் நின்று, நடுவர் 'பிரஸ்' என்ற பிறகே தள்ளலாம். இன்றிலிருந்தே ஒரு நண்பரைக் கட்டளை சொல்ல வைத்துப் பழகுங்கள். பக்கவாட்டில் வீடியோவும் எடுங்கள்.

ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் மூன்று முயற்சி உண்டு; முதல் முயற்சிக்கு, உடம்பு சரியில்லாத நாளிலும் மூன்று தடவை தூக்கக்கூடிய எடையைக் கொடுங்கள். அப்புறம் கூட்டலாம், குறைக்க முடியாது. ஒரே லிஃப்ட்டில் மூன்று முயற்சியும் தவறினால், எல்லா லிஃப்ட்டையும் கூட்டிவரும் மொத்தக் கணக்கே கிடையாது.

எடை குறைப்பதை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், 83 கிலோ பிரிவிலேயே நில்லுங்கள். முதல் நாளே கொழும்புக்கு இறங்கி நன்றாகத் தூங்குங்கள். திகதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், உதவிக்கு நானும் வருகிறேன்.