பிரெட் புட்டிங் நீர் விடுவது ஏன்?

வணக்கம். குக்கரில் 4 விசில் விட்டு எடுத்த பிரெட் புட்டிங்கின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றதாகவும், வெட்டியபோது உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அரை லிட்டர் பாலுக்கு 3 முட்டை என்ற உங்கள் கணக்கில் பிழையில்லை. பிழை விசிலில்தான் இருக்கிறது. பாலும் முட்டையும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே இறுகிவிடும்; விசில் வரும் குக்கருக்குள் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிவிடுவதால், முட்டையின் புரதம் அளவுக்கு மீறிச் சுருங்கி, தான் பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளிவிடுகிறது.

அடுத்த முறை இட்லிப் பானையில் சிறு தீயில் வேக வையுங்கள். குக்கர்தான் வசதி என்றால் வெயிட் போடாதீர்கள். கிண்ணத்தின் வாயை ஃபாயிலால் இறுக மூடாவிட்டால், மூடியில் கோத்த நீர் சொட்டி மேற்பரப்பைக் குழைத்துவிடும். அரை மணி நேரம் கடந்ததும் கிண்ணத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள்: ஓரம் அசையாமல் நடுப்பகுதி மட்டும் தளதளவென்று ஆடினால், அப்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், மீதி வேலையை உள்ளிருக்கும் சூடே முடித்துக்கொள்ளும்.

புது பிரெட் கூழாகிவிடும் என்பதால், முதல் நாள் பிரெட்டில் 6 துண்டுகளைத் தோசைக்கல்லில் ஈரம் போக வாட்டி, கலவையில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். முட்டை வாடைக்காக எசன்ஸைக் கூட்ட வேண்டாம். கலவையை வடிகட்டிவிட்டு, சிறிது ஜாதிக்காய் துருவிச் சேர்த்தாலே போதும் (ஏலக்காய் பாயசத்தை நினைவூட்டிவிடுகிறது என்பது என் எண்ணம்). இறக்கியவுடன் வெட்டாமல், 10 நிமிடம் பொறுத்து வெதுவெதுப்பாகப் பரிமாறுங்கள்.